நந்தனும் ஆளோலையும்: இலக்கியக் கல்வியில் விடுபடுவன

முன்னுரை

திருவண்ணாமலைக்கு அருகே கீரனூரில் துரிஞ்சலாற்றின் குறுக்கே ஓர் அணை உண்டு. அவ்வணையினின்று பிரிந்து, வழியிலுள்ள ஏரிகளை நிரப்பி, விழுப்புரம் மாவட்டத்துப் பனமலை ஏரியிற் சென்று முடியும் கால்வாய்க்கு நந்தன் கால்வாய் என்பது பெயர். அப்பெயரைப் பல்லவன் நந்திவர்மனோடு இணைப்பார் உளர். நந்தன் என்னும் அரசன் வெட்டியது என்னும் மக்கள் வழக்கும் உண்டு. இவற்றுள் எது மெய் எனத் துணிதல் எம் நோக்கமன்று. அக்கால்வாய்க் கரையூர்களிலிருந்து வந்து எம்மிடம் பயிலும் மாணவர்க்கு வகுப்பறையில் அறிமுகமாகும் நந்தன் ஒருவனே. அவன் தில்லைக்கு நாளைப் போவேன் என்று கூறிக்கொண்டிருந்து, முடிவில் தீயில் மூழ்கிக் கூத்தன் திருவடி சேர்ந்த அடியவன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, முதுகலை வகுப்பில் திருநாளைப்போவார் புராணத்தைப் பாடஞ் சொல்லி முடித்தபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அவர் மட்டும் ஏன் நெருப்பில் இறங்க வேண்டும்?" என வினவினார். உரைநூல்களில் உள்ளவாறே, பிறவி மாசு நீங்குதற்பொருட்டு என விடை கூறினோம். அவர் வேறொன்றும் கேளாது அமர்ந்தார். அம்மாணவர் எத்தெருவிலிருந்து வருகிறவர் என்பதை யாம் பின்னரே அறிந்தோம். யாம் கூறிய விடை உரைக்குப் பொருந்திய விடை. ஆயினும் கேட்டவர்க்கு உரிய விடையன்று என்பது அன்று முதல் எம் உள்ளத்தை உறுத்தி வந்தது. அவ்வினாவிற்கு நூல்களின் துணைகொண்டே விடை காண முயல்வது இக்கட்டுரை.

தமிழ் இலக்கியத்தில் அடிமையும் தீண்டாமையும் பேசப்படவில்லை என்று கூறுவார் கூற்று பொருந்தாது. நூல்கள் பேசுகின்றன. அவற்றினின்று பாடப்பகுதியைத் தேர்ந்தெடுக்கும் நாமும், குறிப்புரை எழுதும் நாமுமே பேசாது விடுகின்றோம். தேர்வு என்பதும் ஓர் உரையே. எதை விடுகிறோம் என்பதனாலும் நூலுக்குப் பொருள் கூறுகின்றோம். இதுவே ஈண்டு யாம் நிறுவ விழையும் கருத்து.

ஆளோலை வழக்கு

பெரிய புராணத்துள் தமிழ் மாணவர் யாவரும் அறிந்த பகுதி தடுத்தாட்கொண்ட புராணம். திருமணப் பந்தரில் முதிய வேதியர் ஒருவர் வந்து, நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்குரைக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. பாட்டனார் எழுதிக் கொடுத்த ஆளோலையை அவையோர் வாங்கி, அப்பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு, எழுத்து ஒத்திருத்தல் கண்டு தீர்ப்புக் கூறுகின்றனர்.

இப்பகுதியை இறைவன் திருவிளையாடலாகவே கற்பிக்கின்றோம். அது தவறன்று. ஆயினும் ஆரூரர் எழுப்பும் தடையை நாம் ஊன்றி நோக்குவதில்லை. மனிதன் மனிதனுக்கு அடிமையாதல் உண்டோ என்று அவர் கேட்கவில்லை. அந்தணர் வேறோர் அந்தணர்க்கு அடிமையாதல் கேட்டறியாத செய்தி என்பதே அவர் தடை. அடிமையாதல் உலகியல்பு, இக்குலத்தார்க்கு அது புதுமை என்பது அத்தடையின் உட்பொருள். அவையோரும் அடிமை ஓலை என்றொரு பொருள் உண்டோ என ஐயுறவில்லை. இவ்வோலை மெய்யோ பொய்யோ என்றே ஆராய்ந்தனர். ஓலை, சான்று, கையெழுத்து ஒப்புநோக்கல், அவைத் தீர்ப்பு என நடைமுறை முழுதும் சேக்கிழார்க்கும் அவர் நூலைக் கேட்டார்க்கும் பழகிய ஒன்றாக இருந்தாலன்றி இக்காட்சி அமையாது.

கல்வெட்டும் இதற்குத் துணை நிற்கின்றது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201-ஆம் ஆண்டில், பஞ்சத்தால் நலிந்த வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார் என்பது கல்வெட்டுச் செய்தி. சேக்கிழார் காலத்திற்கும் இதற்கும் இடைவெளி பெரிதன்று. புராணத்தை ஒரு தாளிலும் கல்வெட்டை வேறொரு தாளிலும் வைத்துக் கற்பிப்பதனால், ஒன்று அருளாகவும் மற்றொன்று பொருளியலாகவும் மாணவர் உள்ளத்தில் பிரிந்து நிற்கின்றன.

நான்கு நந்தர்

நாளைப்போவார் வரலாறு ஒரே நிலையில் நம்மிடம் வந்து சேரவில்லை. அது வளர்ந்த முறையைப் படிமுறையாக நோக்குதல் வேண்டும்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைச் செம்மையுடையவர் எனப் போற்றிப் பெயரளவில் சுட்டியமைகிறார். குலம், ஊர், தீ ஆகிய எதுவும் அங்கில்லை. நம்பியாண்டார் நம்பி தம் திருவந்தாதியில் ஊர் ஆதனூர் என்றும், குலம் இன்னதென்றும், இறையருளால் அக்குல இழிவு நீங்கி முனிவராகத் தில்லை மூவாயிரவர் கைதொழ விளங்கினார் என்றும் கூறுகிறார். அங்கும் தீ இல்லை. சேக்கிழாரிடத்தே தீ வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியராகிய நிலக்கிழார் வருகிறார்.

வகுப்பறையில் இந்நான்கும் ஒன்றாய்க் குழைந்துவிடுகின்றன. தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர் யாவரும் ஒன்றை அறிவர். பெரிய புராணத்து நந்தனாரைப் பற்றி எழுதுமாறு கேட்டால், நாற்பது வேலி நிலத்தை ஓரிரவில் பயிராக்குமாறு வேதியர் ஆணையிட்ட செய்தியை மாணவர் பலர் எழுதுவர். சேக்கிழாரிடம் அவ்வேதியர் இல்லை, அவ்வாணையும் இல்லை. 1935, 1942 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களும் கதாகாலட்சேபங்களும் பாரதியாரின் நந்தனையே நாடெங்கும் பரப்பின. மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. வேறுபாட்டை நாம் கற்பிக்கவில்லை.

இவ்வேறுபாடு சிறிதன்று. சேக்கிழார் காட்டும் ஆதனூர்ப் புலைப்பாடியை நோக்குக. சுரைக்கொடி படர்ந்த கூரைக் குடில்கள், கோழிக் குஞ்சுகள், இரும்புக் காப்பணிந்த சிறுவர், மர நிழலில் தோலின்மேல் கிடத்திய குழவி, நெல் குற்றிப் பாடும் பெண்டிர் என அவர் தீட்டும் காட்சி, அம்மக்கள் வாழ்வைப் பழந்தமிழ்ப் புலவர் எவரும் இத்துணை அருகிருந்து காட்டினாரிலர் என்று சொல்லத்தக்கது. நாளைப்போவார் பறைத்துடைவை என்னும் மானிய நிலத்தை உணவுரிமையாகக் கொண்டு, கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலினுள் ஒலித்தது. கொடுத்தவர் வாயிலுக்குப் புறத்தே நின்றார். சேக்கிழார் இம்முரணை வாய்விட்டுக் கூறவில்லை. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துள்ளார். பாடத்திட்டங்கள் பலவற்றில் இவ்வூர்ப் பகுதி சுருக்கப்பெற்று, திருப்புன்கூர் நந்தி விலகியதும் தில்லைத் தீயும் மட்டுமே எஞ்சுகின்றன. அற்புதம் நிற்கிறது, தொழில் நீங்குகிறது.

இரு வேறு நெருப்பு

இனி மாணவர் வினாவிற்கு வருவோம். அவர் மட்டும் ஏன் தீயில் இறங்க வேண்டும்? பெரிய புராணத்துள்ளேயே இதனை ஒப்பிட்டுக் காண இடமுண்டு.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர். அவரும் மதுரைக் கோயில் வாயிலிலேயே நிற்கிறார். இறைவன் அடியார் கனவில் தோன்றி ஆணையிட, அவர்களே அவரை உள்ளே அழைத்துச் செல்கின்றனர். ஈரத்தரையில் யாழ் நலியுமென்று பொற்பலகையும் இடப்பெறுகிறது. திருவாரூரில் அவர் பொருட்டு வடதிசையில் வேறு வாயில் அமைகிறது. எவ்விடத்தும் அவர் தீயில் மூழ்கவில்லை.

இதனினும் சிறந்த சான்று திருநீலநக்கர் புராணத்தில் உளது. ஞானசம்பந்தர் யாழ்ப்பாணர்க்கு இரவு தங்க இடம் வேண்ட, நீலநக்கர் தம் மனையில் வேள்வித் தீ ஓம்பும் வேதிகையின் அருகே அவர்க்கும் அவர் மனைவியார்க்கும் இடமளிக்கிறார். அப்போது அவ்வேதித் தீ அவியவில்லை, மாசுறவும் இல்லை, வலமாகச் சுழித்து ஓங்கி எரிந்தது என்கிறார் சேக்கிழார்.

ஆகவே ஒரே நூலில், ஒரே புலவர் வாக்கில், இரு வேறு நெருப்பு உள்ளன. ஒரு நெருப்பு புறத்தே நிறுத்தப்பட்டவரின் அண்மையால் ஓங்குகிறது. மற்றொரு நெருப்பு புறத்தே நிறுத்தப்பட்டவரை மாற்றிய பின்னரே உள்ளே விடுகிறது. தீயினின்று எழுபவர் பூணூல் அணிந்த முனிவராக எழுகிறார். பாணர் பாணராகவே உட்புகுந்தார். நாளைப்போவார் நாளைப்போவாராக உட்புகவில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் தில்லையின் தனி வழக்கோ, குலங்களிடையே இருந்த ஏற்றத்தாழ்வோ, சேக்கிழார்க்கு முன்பிருந்த வழக்காறோ என்பது ஆராயத்தக்கது. யாம் ஈண்டு முடிவு கூறவில்லை. அம்மாணவர்க்கு யாம் கூறியிருக்க வேண்டிய விடை இதுவே: தீயில் மூழ்குதல் ஒன்றே வழியன்று என்பதைச் சேக்கிழாரே அறிவார். இரு புராணங்களையும் ஒருங்கே பாடமாக வைத்திருந்தால், அவ்விடையை மாணவரே கண்டிருப்பர்.

வேதியர் வந்த காலம்

பாரதியார் கீர்த்தனையில் நிலக்கிழார் புதிதாகத் தோன்றுவதைக் கதைச்சுவை கருதிய கற்பனை என்றே இலக்கிய வரலாறுகள் பெரிதும் கூறியமைகின்றன. காலத்தை ஒப்பிட்டு நோக்கின் வேறொன்று புலனாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமைமீது ஆண்டைக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என விதித்தது. ஆயினும் அடிமை வைத்திருத்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக அது ஆக்கவில்லை. 1860-இல் இயற்றப்பெற்று 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமே ஆளை அடிமையாக விற்றலையும் வாங்கலையும் குற்றமாக்கியது. பாரதியாரின் கீர்த்தனை அச்சேறியதும் அவ்வாண்டுகளை ஒட்டியே ஆகும். ஆண்டையிடம் விடை கேட்டு நிற்கும் பண்ணையாளின் குரல் காவிரிக் கரை மேடைகளில் இசையாக எழுந்த காலமும், அவ்வுறவு சட்டத்தின்முன் நிலைகுலைந்த காலமும் ஒன்றே. பாரதியார் சட்டத்தைக் கருதிப் பாடினார் என்று யாம் கூறவில்லை; அதற்குச் சான்றில்லை. தம் கண்முன் நிகழ்ந்த பண்ணை வாழ்வைச் சோழர் காலக் கதையினுள் அவர் கொண்டுவந்தார் என்பது மட்டும் தெளிவு. அவ்வாழ்வு அத்துடன் முடிந்ததும் அன்று. தஞ்சை மாவட்டப் பண்ணையாள் பாதுகாப்புக்கென 1952-இலும், கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இலும் தனிச் சட்டங்கள் வேண்டியிருந்தன.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் தயங்கினார் என்பதும், இலக்கண வழுக்களே அதற்குக் காரணமாயின என்பதும், பின்னர் மனமிரங்கி அளித்தார் என்பதும் உ. வே. சாமிநாதையர் எழுத்தால் அறியப்படுவன. இந்நிகழ்ச்சியை வகுப்பில் சுவையாகக் கூறுகின்றோம். இலக்கணத்தைப் பற்றி அன்று எழுந்த உரையாடல் நிலத்தைப் பற்றி எழவில்லை என்பதை நாம் எண்ணுவதில்லை.

தொழுமரம்

பண்ணை வாழ்வைக் காட்டும் வேறோர் இலக்கியவகை பள்ளு. முக்கூடற்பள்ளினின்று யாம் கற்ற காலத்திலும் கற்பித்த காலத்திலும் பெரிதும் எடுத்துக்கொள்ளப்பெற்றவை மழைக்குறி, ஆற்று வெள்ளம், நெல்வகை, மாட்டுவகை என்பனவே. அவை இனிய பகுதிகள், நீக்கத்தக்கன அல்ல. ஆயினும் அதே நூலில் பள்ளன் தொழுவில் மாட்டப்படும் பகுதியும் உளது. இளையாள் மோகத்தில் பண்ணை வேலையை மறந்தான் என்று மூத்தபள்ளி முறையிட, பண்ணைக்காரன் அவன் காலை மரத்திற் பூட்டுகிறான். பின்பு அவளே இரங்கி வேண்டி அவனை விடுவிக்கிறாள்.

குறிப்புரைகள் இதனை நகைச்சுவை என்று கூறிக் கடக்கும். நகைச்சுவை இருப்பது மெய்யே. ஆயினும் அவன் செய்த குற்றம் வேலைக்கு வாராமை. தண்டித்தவன் அரசனல்லன், ஊரவையுமல்லன், பண்ணைக்காரன். வேலைக்கு வாராதவனைத் தன் வாயிலிலேயே விலங்கிடும் உரிமை ஒருவனுக்கு இருந்தது என்பதை அக்காட்சி உரைக்கின்றது. சிரிப்பினூடே சொல்லப்பட்டதாலேயே அது நம்பத்தக்க சான்றாகிறது. புலவர் இதனை மெய்ப்பிக்க முயலவில்லை, யாவரும் அறிந்ததாகக் கொண்டே பாடுகிறார். வெள்ளத்தைக் கற்பித்துத் தொழுமரத்தை விடுத்தால், உழவின் அழகு மாணவர்க்குத் தெரியும்; உழுதவன் நிலை தெரியாது.

வேறொரு நந்தன்

இவ்வளவும் பிறர் பாடிய நந்தனைப் பற்றியது. அம்மக்களிடையே தோன்றிய அறிஞர் நந்தனை எவ்வாறு கண்டனர் என்னும் வினாவைத் தமிழிலக்கியக் கல்வி நெடுங்காலம் எழுப்பவில்லை. அயோத்திதாச பண்டிதர் (1845–1914) 1907-இல் ஒரு பைசாத் தமிழன் என்னும் இதழைத் தொடங்கி, இலக்கியம், சமயம், வரலாறு ஆகியவற்றைத் தம் நோக்கில் ஆராய்ந்து எழுதியவர். அவர்தம் இந்திரர் தேச சரித்திரத்தில் வரும் நந்தன் அடிமையல்லன். சூழ்ச்சிக்கு இரையான பௌத்த அரசன்.

இதனை வரலாற்றுண்மையாகக் கொள்ளுதற்குக் கல்வெட்டுச் சான்று வேண்டும் என்பதில் யாம் பிறரோடு உடன்படுகின்றோம். ஆயினும் புராணத்திற்குக் கல்வெட்டுச் சான்று கேளாத நாம், இதற்கு மட்டும் அதனைக் கேட்டு ஒதுக்குதல் முறையாகாது. இரண்டும் நந்தனைப் பற்றிய வாசிப்புகள். ஒன்று உயர்வைத் தீக்கு அப்பால் வைத்தது. மற்றொன்று உயர்வை இழந்த பழமையில் வைத்தது. அயோத்திதாசர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக 1999-இல் வெளிவந்த பின்னரே ஆய்வாளர் பலர்க்கு எட்டின. அதற்கு முன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எம் தலைமுறையினர் பலர் அவர் பெயரையும் கேளாமலே தமிழ் முதுகலை முடித்தோம்.

2018 முதல் திருத்தப்பெற்ற தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் முதலியோர் பற்றிய செய்திகள் இடம்பெற்றிருத்தல் பாராட்டத்தக்கது. ஆயினும் பெயரைச் சேர்த்தல் ஒன்று. வாசிப்பை மாற்றுதல் வேறொன்று. அயோத்திதாசரை ஒரு பாடத்தில் படித்த மாணவர், மற்றொரு பாடத்தில் நந்தனாரைப் பழைய முறையிலேயே படிப்பாராயின், இரண்டும் ஒன்றையொன்று காணாமலே நிற்கும்.

பிற நாட்டுப் படிப்பினை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறை குறித்து அந்நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சி நமக்குத் துணையாகும். கார்ட்டர் உட்சன் 1926-இல் கறுப்பினத்தார் வரலாற்றுக்கென ஒரு வாரத்தைத் தொடங்கினார். அது 1976 முதல் ஒரு திங்களாக விரிந்தது. டு பாய்ஸ் 1935-இல் வெளியிட்ட தம் பெருநூலின் இறுதி இயலில், அக்காலப் பள்ளி வரலாற்று நூல்களையே ஆய்வுப் பொருளாக்கி, விடுதலை பெற்ற அடிமைகளின் பங்கு அவற்றில் எவ்வாறு மறைக்கவும் திரிக்கவும் பட்டது என்று காட்டினார். ஒரு வாரமோ ஒரு திங்களோ ஒதுக்குதல் தொடக்கமே. பாடநூலின் சொல்லையும் தேர்வையும் ஆராய்தலே அடிப்படைப் பணி என்பது அவ்வியல் நமக்கு உணர்த்துவது.

இனமும் சாதியும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றாக்கிப் பேசுதல் இரண்டையும் அறியாமையாகும். ஆயினும் இவ்வொப்பீடு புதிதன்று. சோதிராவ் புலே 1873-இல் எழுதிய குலாம்கிரி என்னும் மராத்தி நூலை, அடிமை ஒழிப்பிற்காக உழைத்த அமெரிக்க நன்மக்களுக்கே உரிமையாக்கினார்.

தடையும் விடையும்

பக்தி நூலைப் பக்தி நூலாகவே கற்றல் வேண்டும் என்பார் கூறும் தடை மதிக்கத்தக்கது. யாமும் சேக்கிழார் பாடலின் உருக்கத்தை இழக்க விரும்பவில்லை. அவ்வுருக்கம் எதனால் விளைந்தது என்று கேட்டலே எம் வேண்டுகோள். தடை இன்றேல் நாளைப் போவேன் என்னும் ஏக்கம் இல்லை. தடையைச் சொல்லாது ஏக்கத்தை மட்டும் கற்பித்தல் பாதிப் பொருளையே கற்பித்தலாம்.

குலப்பெயர்களும் இழிவுரைகளும் வகுப்பில் சில மாணவரைப் புண்படுத்தும் என்பது மற்றொரு தடை. இதனை யாம் எளிதாகக் கருதவில்லை. ஆயினும் எம் வகுப்பில் எழுந்த அம்மாணவரைப் புண்படுத்தியது நூலின் சொல்லன்று. வினாவிற்கு இடமில்லாததுபோல் யாம் கூறிய விடையே.

முடிவுரை

2023 சனவரி 30 அன்று, திருவண்ணாமலை மாவட்டத்துத் தண்டராம்பட்டு வட்டத்தைச் சேர்ந்த தென்முடியனூரில், பட்டியலின மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் மாவட்ட ஆட்சியர், காவல் துறையினர் முன்னிலையில் சென்று வழிபட்டனர். எண்பது ஆண்டுகளாக அங்குத் தாம் புகுந்ததில்லை என அவர்கள் கூறினர். கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலேயே இயற்றப்பட்டுவிட்டது. அவ்வூர் மாணவரும் பாடநூலில் நந்தனாரைப் படித்தவர்களே. வாயிலில் நிற்றல் பழங்கதை என்று அவர்க்கு நாம் கற்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அது அவர்தம் தெருவின் செய்தியாக இருந்தது.

ஆதலின் தமிழ்த்துறைகளின் ஆராய்ச்சிக்குச் சிலவற்றை முன்வைக்கின்றோம். நாளைப்போவார் வரலாற்றைச் சுந்தரர், நம்பி, சேக்கிழார், பாரதியார் என நான்கு நிலைகளிலும் ஒப்பிட்டுக் கற்பித்தல் வேண்டும். அயோத்திதாசரின் வாசிப்பையும், புதுமைப்பித்தனின் புதிய நந்தன் (1934), இந்திரா பார்த்தசாரதியின் நந்தன் கதை (1978) ஆகியவற்றையும் அவற்றோடு வைத்தல் தகும். யாழ்ப்பாணர், நீலநக்கர் புராணங்களை நாளைப்போவார் புராணத்தோடு ஒரே அலகில் அமைத்தல் வேண்டும். தடுத்தாட்கொண்ட புராணத்தைக் கல்வெட்டுகளோடும், பள்ளு நூலைத் தொழுமரப் பகுதியோடும் கற்பித்தல் வேண்டும். நாளைப்போவாரின் பக்தித் திறத்தை விளக்குக என்னும் வினாவோடு, அவர் தோலும் நரம்பும் அளித்த கோயில்களுக்குப் புறத்தே நின்றது ஏன் என்னும் வினாவும் வினாத்தாளில் இடம்பெறுதல் வேண்டும்.

இவற்றிற்குப் புதிய நூல் ஒன்றும் வேண்டியதில்லை. நம் நூலக அலமாரிகளில் உள்ளவற்றை விடாது படித்தலே போதும். அம்மாணவர் வினவியது நூலை நோக்கிய வினா. அதற்கு விடை நூலிலேயே இருந்தது. யாம்தான் அப்பக்கத்தைப் பாடத்தில் வைக்காதிருந்தோம்.